பிள்ளைகள் கையில் இன்ஸ்டாவும் ஸ்னாப்சாட்டும்: கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் மாவட்டம் குடியாத்தத்தில் செல்போன் விற்பனையும் சர்வீஸும் பார்க்கும் கடை என்னுடையது. டிஸ்ப்ளே மாற்றவோ ரீசார்ஜ் பண்ணவோ வருகிறவர்கள் வேலை முடிந்த பிறகும் போகாமல் நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு பிள்ளையைப் பற்றி ஒன்று கேட்பார்கள். பேரணாம்பட்டிலிருந்து வந்தாலும் மேல்பட்டி, பள்ளிகொண்டா, கே.வி.குப்பத்திலிருந்து வந்தாலும் சந்தேகம் கிட்டத்தட்ட அதேதான். கேள்விகளை அவர்கள் பேசியபடியே எழுதியிருக்கிறேன்.

"இன்ஸ்டா, ஸ்னாப்சாட், வாட்ஸ்அப்புன்னு இன்னான்னாவோ சொல்றானுங்க. எல்லாம் ஒண்ணுதானே தம்பி?"

ஒன்று கிடையாது. வாட்ஸ்அப்பில் ஒருவர் பேச வேண்டுமானால் நம்பர் தெரிந்திருக்க வேண்டும். அங்கே தொல்லை பெரும்பாலும் குரூப் வழியாக வரும். டியூஷன் குரூப், கிரிக்கெட் டீம் குரூப் என்று எதில் சேர்த்தாலும், அதில் இருக்கும் அத்தனை பேருக்கும் பிள்ளையின் நம்பர் போய்விடும். செட்டிங்கில் 'குரூப்' என்ற இடத்தில் 'என் தொடர்புகள் மட்டும்' என்று மாற்றிவிட்டால் தெரியாதவர்கள் சேர்க்க முடியாது. புரொஃபைல் போட்டோவுக்கும் அதையே செய்யுங்கள்.

இன்ஸ்டாகிராமுக்கு நம்பரே வேண்டாம். பெயரைத் தேடிப் பிடித்து எந்த ஊர்க்காரனும் மெசேஜ் அனுப்பலாம். ஸ்னாப்சாட்டில் அனுப்பிய படம் பார்த்ததும் மறைந்துவிடும். அந்தத் தைரியத்தில்தான் பிள்ளைகள் அனுப்பக் கூடாததை அனுப்பிவிடுகிறார்கள். மறைவதற்குள் இன்னொரு போனால் அதைப் படம் பிடிக்க ஒரு நொடி போதும். அதே ஆப்பில் பிள்ளை இப்போது எந்தத் தெருவில் இருக்கிறது என்று நண்பர் பட்டியலுக்குக் காட்டும் வரைபடமும் உண்டு. பிள்ளை லொகேஷனைப் பகிர்ந்திருந்தால் 'கோஸ்ட் மோட்' போட்டால்தான் மறையும். டெலிகிராமில் ஒரே குரூப்பில் 2 லட்சம் பேர் வரை இருக்கலாம்.

யூடியூபையும் விளையாட்டுகளையும் யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஷார்ட்ஸ், ரீல்ஸ் இரண்டும் ஓடுவது ஒரே மாதிரிதான். டீம் போட்டு விளையாடும் கேம்களில் காதில் ஹெட்செட்டோடு பையன் பேசிக்கொண்டிருப்பது யாரிடம் என்று அவனுக்கே தெரியாது.

"எத்தினி வயசுல கணக்கு ஆரம்பிக்கலாம்? கவர்மெண்ட்ல எதுனா ரூல் கீதா?"

இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், ஸ்னாப்சாட், வாட்ஸ்அப் எல்லாமே 13 வயது என்கின்றன. அந்த 13 டாக்டர்கள் யோசித்துச் சொன்ன வயது கிடையாது. 13 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோர் சம்மதமில்லாமல் திரட்டக் கூடாது என்று அமெரிக்காவில் 1998-ல் ஒரு சட்டம் வந்தது. அந்தச் சம்மதத்தை வாங்கும் வேலையைத் தவிர்க்கத்தான் கம்பெனிகள் 13 என்று வாசலில் எழுதி வைத்தன. ஆகவே 13 முடிந்தால் பக்குவம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நம் நாட்டில் 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் எல்லோரையும் குழந்தை என்கிறது. பெற்றோரின் சம்மதத்தை உறுதி செய்துகொண்டுதான் அவர்கள் விவரத்தைத் தொட வேண்டும். அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக அமலுக்கு வரும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேலே போய், 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ் கணக்கே கூடாது என்று கம்பெனிகள் தலையில் பொறுப்பைக் கட்டியது. என்னைக் கேட்டால், பத்தாவது முடியும் வரை பொது ஆட்கள் நுழையும் எந்த ஆப்பும் வேண்டாம். வீட்டாரோடு பேச வாட்ஸ்அப் போதும்.

"எல்லாருந்தான் வருஷத்த மாத்திப் போட்டு ஆரம்பிக்கிறாங்க. அதுல இன்னா கெட்டுப்போச்சு?"

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். 2013-ல் பிறந்த பிள்ளைக்கு 2003 என்று போட்டுக் கணக்கு திறந்தால், அந்த நொடியிலிருந்து அந்த ஆப்புக்கு உங்கள் பிள்ளை வயது வந்த ஆள். என்ன காட்டலாம், யார் பேசலாம், என்ன விளம்பரம் போடலாம் என்பதெல்லாம் அதன்படிதான் நடக்கும். பெரும்பாலும் அந்த வருஷத்தைப் போட்டுக் கொடுப்பது பிள்ளையின் அண்ணனோ சித்தப்பாவோதான். 'சீக்கிரம் ஓப்பன் பண்ணிக் கொடு' என்று நச்சரிப்பதைத் தாங்க முடியாமல் அப்பாவே போட்டுக் கொடுப்பதும் நடக்கிறது.

சரியான வருஷம் போட்டால் என்ன கிடைக்கும்? இன்ஸ்டாகிராமில் 'டீன் அக்கவுன்ட்' என்று ஒன்று 2025 பிப்ரவரியிலிருந்து இந்தியாவுக்கும் வந்துவிட்டது. 13 முதல் 17 வரை உள்ளவர்களின் கணக்கு தானாகவே பூட்டப்பட்டதாக இருக்கும். ஏற்கெனவே தொடர்பில் இல்லாத ஆள் மெசேஜ் அனுப்ப முடியாது. ஒரு மணி நேரம் ஆனதும் போதும் என்று நினைவூட்டும். இரவு 10 முதல் காலை 7 வரை நோட்டிஃபிகேஷன் வராது. 16-க்குக் கீழ் என்றால் இதையெல்லாம் தளர்த்த அப்பா அம்மாவின் அனுமதி கேட்கும். வருஷத்தை மாற்றிப் போட்டவனுக்கு இதில் ஒன்றும் கிடையாது.

ஏற்கெனவே தப்பாகப் போட்டிருந்தால் 'அக்கவுன்ட்ஸ் சென்டர்' போய், தனிப்பட்ட விவரங்களில் பிறந்த தேதியைத் திருத்தலாம். பிறகு பிள்ளை மறுபடி 18-க்கு மேல் ஏற்றப் பார்த்தால் அடையாளச் சான்றோ முகம் காட்டும் வீடியோவோ கேட்கும். 13 ஆகாத பிள்ளை என்றால் திருத்துவதற்கு ஒன்றுமில்லை, கணக்கை எடுத்துவிட வேண்டியதுதான்.

"எங்க வூட்ல ஒரே போன்தான். அவங்கப்பா மிலிட்டரி, வீடியோ கால் பேசத்தான் வாங்கினோம். பையனுக்குத் தனியா கணக்கே இல்லியே, அப்புறம் இன்னா பயம்?"

கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருக்கும் ஊர்கள் உள்ள மாவட்டம் இது. வளைகுடாவுக்குப் போன குடும்பங்களும் நிறைய. அதனால் இந்த ஒற்றைப் போன் கதை எனக்குப் பழக்கம். தனிக் கணக்கு இல்லை என்றால் பையன் பார்ப்பது உங்கள் கணக்கில். உங்கள் வயது 35 என்றால் ஆப்பைப் பொறுத்தவரை 35 வயதுக்காரிதான் இரவு 11 மணி வரை ரீல்ஸ் பார்க்கிறார். முந்தின கேள்வியில் சொன்ன அதே பிரச்சினைதான், வேறு வழியில் வருகிறது. கடன் ஆப் விளம்பரமும் அவன் கண்ணில்தான் படும்.

யூடியூபில் 'கட்டுப்பாட்டுப் பயன்முறை'யைப் போடுங்கள். சின்னப் பிள்ளைக்கு யூடியூப் கிட்ஸ் தனியாக இருக்கிறது. ஜிபே, போன்பேவுக்கு ஆப் லாக் போட்டு, யுபிஐ பின்னைப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். 'ஓடிபி வந்துதா பாருடா' என்று பிள்ளையிடமே போனைக் கொடுக்கும் பழக்கத்தையும் விடுங்கள். ஒரு ஆப்பை மட்டும் திறந்து, வெளியே போக முடியாதபடி பூட்டும் 'ஸ்கிரீன் பின்னிங்' வசதி பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் உண்டு. கடைக்கு வந்தால் போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம்.

மிலிட்டரிக் குடும்பங்களுக்கு இன்னொன்று. அப்பா யூனிஃபார்மில் இருக்கும் படத்தையும், லீவு முடிந்து எங்கே போகிறார் என்பதையும் பிள்ளை பெருமையாகப் போட்டுவிடும். 2020 ஜூலையில் ராணுவம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 ஆப்களைத் தன் ஆட்கள் போனிலிருந்து நீக்கச் சொன்னது. அப்பாவுக்கே அப்படிச் சொல்லப்பட்ட விஷயத்தில் பையன் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"ரீல்ஸ் பாத்தா கண்ணு கெடும், அவ்ளோதானே? டிவி பாத்து நாம கெட்டுப்போவலியே?"

டிவியில் சீரியல் முடிந்தால் பெயர் ஓடும், எழுந்து போவோம். ரீல்ஸுக்கு முடிவு கிடையாது. விரல் தள்ளத் தள்ள அடுத்தது வந்துகொண்டே இருக்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். எந்த வீடியோவில் பிள்ளையின் விரல் ஒரு நொடி கூடுதலாக நின்றது என்பதை ஆப் கவனிக்கிறது; அடுத்து அதே மாதிரி பத்து தருகிறது. சோகப் பாட்டில் நின்றால் சோகம், உடம்பு இளைக்கும் வீடியோவில் நின்றால் அதுவே. பிள்ளை தேடிப் போகாததும் தேடி வரும்.

முதலில் போவது தூக்கம். காலையில் எழுப்ப முடியவில்லை, வகுப்பில் தூங்குகிறான் என்றால் ராத்திரி போன் எங்கே இருந்தது என்று பாருங்கள். அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி 2023-ல் வெளியிட்ட எச்சரிக்கையில், நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்றவை வரும் வாய்ப்பு இரண்டு மடங்கு என்று இருந்தது. 2021-ல் ஃபேஸ்புக்கில் வேலை பார்த்த பிரான்சஸ் ஹாகன் வெளியே கொண்டுவந்த கம்பெனிக் காகிதங்களில், வயதுப் பெண்கள் பலருக்குத் தங்கள் உடம்பைப் பற்றிய தாழ்வு எண்ணத்தை இன்ஸ்டாகிராம் கூட்டுகிறது என்று அவர்களுடைய ஆய்வே சொல்லியிருந்தது. நிறத்தைக் கூட்டி மூக்கைச் சிறிதாக்கும் ஃபில்டரில் தினமும் முகம் பார்க்கும் பெண்ணுக்கு, வீட்டுக் கண்ணாடியில் தெரியும் முகம் பிடிக்காமல் போவதில் ஆச்சரியம் என்ன?

"நான் ஷூ கம்பெனிக்குப் போயிட்டு ஏழு மணிக்குத்தான் வூட்டுக்கு வரேன். ஆயாவுக்கு போன்ல ஒண்ணும் தெரியாது. யாரு பாத்துக்கினே இருக்கிறது?"

பார்த்துக்கொண்டே இருக்க யாராலும் முடியாது. கூகுளின் 'ஃபேமிலி லிங்க்' என்ற இலவச ஆப்பை உங்கள் போனிலும் பிள்ளை போனிலும் போட்டால், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எந்த நேரத்துக்குப் பிறகு பூட்டிக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் ஆம்பூரில் கம்பெனியில் இருந்தபடியே வைக்கலாம். புது ஆப் இறக்க வேண்டுமானால் உங்களிடம் அனுமதி கேட்கும். ஐபோனில் இதே வேலையை 'ஸ்கிரீன் டைம்' செய்யும்.

ஆயாவைக் குறைத்து எடை போடாதீர்கள். ஆப்பைப் பற்றித் தெரிய வேண்டியதில்லை. போன் கூடத்தில்தான் இருக்க வேண்டும், கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கக் கூடாது, ராத்திரி சார்ஜ் சமையல்கட்டில்தான் என்ற மூன்றை மட்டும் அவரிடம் ஒப்படையுங்கள். பீடி சுற்றிக்கொண்டே கவனிப்பார். ஆனால் உங்கள் போனும் அந்தச் சமையல்கட்டில்தான் தூங்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் இருக்காது.

"அவ மெசேஜ நான் தெறந்து படிக்கலாமா? பாஸ்வேர்டு வாங்கி வெச்சிக்கட்டுமா?"

பத்து, பதினோரு வயதில் அது உங்கள் போன், உங்கள் உரிமை. ஒளிவு மறைவே வேண்டாம். பதினாறு வயதுப் பெண்ணுக்குத் தெரியாமல் படித்தால், அவள் இரண்டாவது கணக்கு ஒன்றைத் திறப்பாள். உங்களுக்குத் தெரிந்த கணக்கில் சாமி படமும் பிறந்தநாள் வாழ்த்தும் இருக்கும். பேச்சு நடப்பது மற்றதில். இது என் கடைக்கு வரும் போன்களில் தினமும் பார்ப்பது.

நடுவழி ஒன்று இருக்கிறது. டீன் அக்கவுன்ட்டோடு பெற்றோர் மேற்பார்வையை இணைத்தால், கடந்த ஏழு நாளில் பிள்ளை யார் யாருக்கு மெசேஜ் போட்டது என்று பெயர்கள் தெரியும், என்ன பேசியது என்று தெரியாது. 'இந்தப் பேரு யாரும்மா?' என்று கேட்க அது போதும்.

"முன்னப் பின்னத் தெரியாதவன்கிட்ட இந்தப் புள்ளைங்க எப்பிடித்தான் பேச்சு குடுக்குதுங்களோ?"

முன்பின் தெரியாதவனாக அவன் வருவதில்லை. 'பக்கத்து ஸ்கூல், லெவன்த்' என்று வருவான். பிள்ளையின் பக்கத்திலிருந்து பள்ளி பெயர், கோயில் திருவிழா, பிடித்த நடிகர் எல்லாம் ஏற்கெனவே பொறுக்கியிருப்பான். உன் ரீல்ஸ் சூப்பர் என்பான். வீட்டில் திட்டு வாங்கிய அன்று ஆறுதல் சொல்வான். ஒரு மாதம் ஒன்றும் கேட்க மாட்டான்.

பிறகு மெல்ல இடம் மாறும். 'இன்ஸ்டா வேணாம், ஸ்னாப்புக்கு வா.' அடுத்தது, 'வீட்ல சொல்லாதே, அவங்களுக்குப் புரியாது.' அதற்கடுத்துத்தான் போட்டோ. பிள்ளையிடம் 'அந்நியரோடு பேசாதே' என்று சொல்வதை விட, 'வேற ஆப்புக்குக் கூப்பிட்டா, ரகசியம் வெச்சிக்கச் சொன்னா, அங்கியே நிறுத்து, எங்கிட்ட வா' என்று சொல்லிக் கொடுங்கள். ரீசார்ஜ் போட்டுவிடுகிறேன், கேமில் டைமண்ட் வாங்கித் தருகிறேன் என்பதும் இதே வரிசைதான்.

"போட்டோவ மார்பிங் பண்ணிடுவாங்கன்னு பொண்ணுக்கு போன் குடுக்கல, பையனுக்கு மட்டும் குடுத்துக்கிறோம். அது சரிதானே?"

பாதி பயம் நியாயமானது. இப்போது சாதாரண முகப் படம் ஒன்றை வைத்தே ஏஐ ஆப்கள் நிர்வாணப் படம் உருவாக்கிவிடுகின்றன. ஆனால் அதற்குப் பெண்ணின் கையில் போன் இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. கல்யாண வீட்டில் அத்தை எடுத்து ஸ்டேட்டஸ் வைத்த படமே போதும்.

பையனுக்கு ஒன்றும் ஆகாது என்பதுதான் தப்புக் கணக்கு. பணம் பறிக்கும் கும்பல்கள் பையன்களையும் குறிவைக்கின்றன. பெண் பெயரில் கணக்கு, இரண்டு நாள் பேச்சு, ராத்திரி வீடியோ கால், அந்தப் பக்கம் ஓடுவது ஏற்கெனவே பதிவு செய்த வீடியோ. பையனைப் பதிவு செய்துகொண்டு, 'உன் ஃபாலோயர் எல்லாருக்கும் அனுப்பவா?' என்று காசு கேட்பார்கள். ஆம்பளைப் பிள்ளை என்பதால் வெளியே சொல்ல இன்னும் கூசுவான். பெண்ணுக்குச் சொல்லும் ஒவ்வொரு எச்சரிக்கையையும் பையனுக்கும் உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

"போட்டோவ வெச்சி மிரட்டுறான், காசு கேக்குறான். இன்னா பண்றது? போன ஒடச்சிடலாமா?"

உடைக்காதீர்கள், அதில்தான் சாட்சி இருக்கிறது. காசும் கொடுக்காதீர்கள். ஒரு தடவை கொடுத்தவனிடம்தான் மறுபடி கேட்பான். பேச்சு முழுவதையும், அவன் கணக்குப் பெயரையும், காசு அனுப்பச் சொன்ன யுபிஐ ஐடியையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புரொஃபைலின் லிங்க்கையும் எடுத்து வையுங்கள், ஏனென்றால் பெயரை மாற்றிக்கொண்டு ஓடுவான். பிறகு ஆப்பிலேயே ரிப்போர்ட் செய்து பிளாக் செய்யுங்கள்.

1930 என்பது தேசிய சைபர் குற்ற உதவி எண். காசு போயிருந்தால் எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவு நல்லது, போன பணத்தை நடுவில் நிறுத்த முயல்வார்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசு தளத்திலும் புகார் பதியலாம். குழந்தைகளுக்கு 1098, இரவிலும் எடுப்பார்கள். மாவட்டத்துக்கு ஒரு சைபர் கிரைம் காவல் நிலையம் உண்டு. 18 வயதுக்குக் கீழ் எடுத்த படம் என்றால் 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை இருக்கிறது. படத்தை அவர்களிடம் அனுப்ப வேண்டியதில்லை. அந்தப் படத்துக்கான எண் அடையாளம் ஒன்றைப் போனிலேயே உருவாக்கி, அதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. சேவையில் சேர்ந்திருக்கும் தளங்கள் அதை வைத்து அந்தப் படத்தைத் தேடி நீக்கும்.

இதற்கெல்லாம் முன்னால், பிள்ளை உங்களிடம் வந்து சொல்ல வேண்டும். 'எதுனா கேட்டேன், போனைப் புடுங்கி அடுப்புல போட்டுடுவேன்' என்று மிரட்டி வைத்த வீட்டில் பிள்ளை சொல்லாது. மிரட்டுகிறவன் நம்பியிருப்பதும் அந்தப் பயத்தைத்தான்.

"போலீசுக்குப் போனா பொண்ணு பேரு வெளிய வந்துடுமே அண்ணா?"

வரக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-ல் வந்த போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பிள்ளையின் பெயர், படம், பள்ளி, முகவரி, குடும்பம் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது. 24-ஆம் பிரிவின்படி வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். முடிந்த வரை பெண் எஸ்.ஐ. நிலையில் உள்ளவர், யூனிஃபார்ம் இல்லாமல் வந்து வாங்க வேண்டும். ராத்திரியில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது.

நடைமுறையில் பெயர் வெளியே போவது பெரும்பாலும் நம் பக்கத்திலிருந்துதான். ஊர் குரூப்பில் 'இன்னார் வீட்டுப் பொண்ணாம்' என்று போடுகிறவர்களால். சமாதானம் பேசி முடிக்கலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் வந்தால் ஒன்று சொல்லுங்கள்: இப்படி ஒரு குற்றம் தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது அதே சட்டப்படி குற்றம்.

"யாரோ குரூப்ல ஒரு கெட்ட வீடியோ போட்டாங்க. எங்க பையன் தெரியாம நாலு பேருக்கு அனுப்பிட்டான். அவம் மேலயே கேஸ் வருமா?"

அதில் இருப்பது 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை என்றால், வரலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் இத்தகைய படத்தைப் பரப்புவது, இறக்குவது, தேடிப் பார்ப்பது எல்லாம் குற்றம். முதல் தடவைக்கே 5 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். தனியாகப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜனவரியில் ஒரு வழக்கில் சொன்னதை, அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. 18 ஆகாத பையன் என்றால் வழக்கு சிறார் நீதி வாரியத்துக்குப் போகும். 18 முடிந்த அண்ணன் அனுப்பியிருந்தால் அவனுக்கு அந்த வழி கிடையாது.

ஆகவே அப்படி ஒன்று வந்தால் ஃபார்வர்டு கூடாது, 'பாருங்க எவ்ளோ அக்கிரமம்' என்று விழிப்புணர்வுக்காகக்கூட. மேலே சொன்ன அரசு தளத்தில் பெயர் சொல்லாமலே புகார் தரும் வசதி இந்த வகைக்கு உண்டு. கேலரியில் தானாக இறங்காதபடி வாட்ஸ்அப்பின் 'ஆட்டோ டவுன்லோட்'டை அணைத்து வையுங்கள்.

"கத்திய வெச்சிக்கினு பாட்டு போட்டு ரீல்ஸ் வுட்டுக்கிறான். சும்மா கெத்துக்கு தானே, அதுக்குமா போலீசு?"

அதற்கும்தான். பட்டாக்கத்தி, பைக் வீலிங், சாதிப் பெயரைச் சொல்லி மற்றவனைச் சீண்டும் வீடியோ, எதுவானாலும் போலீஸ் கண்ணில் பட்டால் வழக்குதான். 2023-ல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, கையில் சாதிக் கயிறு கட்டுவதைப் பள்ளியில் தடுக்கச் சொன்னது. அந்தக் கயிறு இப்போது கையிலிருந்து ஸ்டேட்டஸுக்கு ஏறியிருக்கிறது. எந்த ரீல்ஸுக்கு யார் லைக் போட்டார்கள் என்பதிலிருந்தே வகுப்பில் அணி பிரிகிறது.

நம் பக்கத்துப் பையன்களுக்குப் புரியும்படி சொல்வதானால்: 18 தாண்டி ஒரு வழக்குப் பதிவானால், ராணுவத்துக்கும் போலீஸுக்கும் ஆளெடுக்கும்போது நடக்கும் சரிபார்ப்பில் அது வந்து நிற்கும். மைதானத்தில் விடிகாலை ஓடிப் பழகுகிறவனிடம் இதைச் சொன்னால் உடனே டெலிட் செய்கிறான். நான் சொல்லும் மற்ற எதற்கும் அவன் அவ்வளவு வேகம் காட்டுவதில்லை.

"ஏழு வயசுப் பொண்ணு, சூப்பரா டான்ஸ் ஆடுது. நானே பேஜ் ஆரம்பிச்சி போடுறேன், பத்தாயிரம் பேரு பாக்குறாங்க. அதுவும் தப்பா?"

இந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. பத்தாயிரத்தில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? கெங்கையம்மன் சிரசு திருவிழாவில் கூட்டத்துக்குள் பிள்ளை கையை விடாமல் பிடித்திருப்பீர்கள். இங்கே அதை விடப் பெரிய கூட்டம், யார் முகமும் தெரியாது. கமென்ட்டில் இதயம் போடுகிறவர்களின் பக்கத்தை ஒரு தடவை திறந்து பாருங்கள். சின்னப் பிள்ளைகளின் வீடியோவை மட்டுமே தேடித் தேடிப் பார்க்கும் ஆண்கள் கண்ணில் படலாம்.

போடத்தான் வேண்டும் என்றால் யூனிஃபார்மும் பள்ளி பேட்ஜும் தெரியக் கூடாது, வீட்டு வாசல் தெரியக் கூடாது, லொகேஷன் கூடாது, கமென்ட் மூடியிருக்க வேண்டும். குளிக்கிற வீடியோ, அழுகிற வீடியோ வேண்டவே வேண்டாம். பதினைந்து வயதில் அவள் வகுப்புப் பையன்கள் அதை எடுத்துப் போட்டுச் சிரிப்பார்கள்.

"கேம்ல ஆயிரக்கணக்குல காசு போயிடுச்சி, திரும்ப வருமா?"

ப்ளே ஸ்டோர் வழியாகப் போயிருந்தால் உடனே ரீஃபண்ட் கேட்டுப் பாருங்கள், சில சமயம் வரும். காசு கட்டி ஆடும் சூதாட்டம் என்றால் அது வேறு: 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்கிறது. இன்றைக்கு 'பணம் போட்டு ஜெயிக்கலாம்' என்று டெலிகிராமில் லிங்க் வந்தால், அது சட்டத்துக்கு வெளியே நடப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். யுபிஐ பின் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

"இவ்ளோ தலவலி எதுக்கு? எல்லாத்தையும் டெலிட் பண்ணிக் குடு தம்பி, முடிஞ்சிது."

செய்து தரலாம். ஆனால் போனிலிருந்து ஆப்பை நீக்கினால் கணக்கு போகாது. இன்ஸ்டாகிராமில் கணக்கையே நீக்கச் சொன்னாலும் 30 நாள் அப்படியே கிடக்கும். அதற்குள் பிள்ளை வேறு போனிலிருந்து உள்ளே நுழைந்தால் திரும்ப உயிர் வந்துவிடும்.

சின்னப் பிள்ளை என்றால் நீக்குவதே நல்லது, முன்னால் சொன்னதுதான். பதினேழு வயதுப் பையனுக்கு மொத்தமாகப் பிடுங்கினால் நண்பன் போனில் போய்ப் பார்ப்பான், அங்கே உங்கள் கண் போகாது. அவனோடு உட்கார்ந்து, எது இருக்கட்டும், எது போகட்டும் என்று அவன் கையாலேயே செய்ய வையுங்கள். மறு ஆண்டு காட்பாடியிலோ சென்னையிலோ காலேஜ் ஹாஸ்டலில் தனியாக இருக்கும்போது போன் அவன் கையில்தான் இருக்கப் போகிறது.

"புள்ள யார்கிட்டயும் பேச மாட்டேங்குது, சரியா துன்றதில்ல, போன வாங்கினா கையில கெடைக்கிறத தூக்கி அடிக்குது. இது போன் பைத்தியமா, வேற எதுனாவா? யாருகிட்ட காட்டுறது?"

போனால் இப்படி ஆனதா, வேறு துக்கத்துக்காகப் போனில் ஒளிந்திருக்கிறதா என்று கடைக்காரன் சொல்ல முடியாது. வகுப்பில் யாராவது கேலி செய்து பேஜ் போட்டிருக்கலாம், யாராவது மிரட்டிக்கொண்டிருக்கலாம். செத்துப்போகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னாலோ, கையில் கீறல் இருந்தாலோ நாள் தள்ளாதீர்கள்.

14416 என்பது 'டெலி மனஸ்' என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டின் 104 எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். நேரில் காட்ட, வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையத்தில் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் தனிப் பிரிவே இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் போன், இணையப் பழக்கத்துக்கென்றே 2014 முதல் 'ஷட் கிளினிக்' நடக்கிறது. எங்கே போனாலும் போனையும் கையோடு கொண்டு போங்கள். எந்த ஆப்பில் எத்தனை மணி நேரம், நாளில் எத்தனை தடவை திறந்தது என்பதெல்லாம் 'டிஜிட்டல் வெல்பீயிங்' பக்கத்தில் இருக்கும்; டாக்டர் கேட்கும்போது காட்டலாம்.